நின்றபடியே காய்ந்த தேக்கு

காரைக்குடிப் பக்கம் இடிக்கிற பழைய வீடுகளின் தேக்கை வாங்கி விற்பது என் தொழில். போன மாதம் ஒரு கதவை இழைக்கக் கொடுத்தேன். அழுக்குக்கு அடியில் வைரம் தேன் நிறத்தில் தெரிந்தது. மூலைப் பொருத்தில் ஒரு தாள் நுழைய இடமில்லை. ஆசாரி தடவிப் பார்த்துவிட்டு, "பர்மா மரம்ணே, இனிமே காயறதுக்கு இதுல ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த மரம் காட்டிலேயே, வேரோடு நின்றபடி காய்ந்தது. பச்சைத் தேக்கைத் தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் அமிழ்ந்துவிடும். ரங்கூனுக்கு மரம் வர அப்போது ஆறுதான் பாதை. அதனால் வெட்டுவதற்கு மூன்று வருடம் முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறையும் கொத்தி, வைரம் தெரிகிறவரை வளையம் போட்டுவிடுவார்கள். நீர் ஏறாமல் இலை கொட்டி, மரம் நின்றே செத்துக் காயும். பிறகு வெட்டி, யானையை விட்டு ஓடைக்கு இழுத்து, வெள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டும். மழை ஏமாற்றினால் இன்னொரு வருடம். 1856-ல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற பிராண்டிஸ், எத்தனை மரத்துக்கு வளையம் போடலாம் என்பதற்கே கணக்கு வைத்தார்.

வியாபாரியான எனக்கு மலைப்பாக இருப்பது அந்த முடக்கம். விறகுச் செலவில்லை, ஆற்றுக்கு வாடகையில்லை. ஆனால் போட்ட முதல் ஐந்தாறு வருடம்கூடக் காட்டிலும் ஓடையிலும் கிடக்கும், யானைக்குத் தீனியும் போட்டாக வேண்டும். பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் மாதிரிப் பெரிய கம்பெனிகளுக்குத்தான் அது தாங்கும். வட்டியின் அருமை தெரிந்த நகரத்தார், பர்மாவில் சம்பாதித்த பணத்தில் அந்த மரத்தையே கப்பலேற்றி வந்து வீடு கட்டினார்கள். மூன்று வருடக் காத்திருப்புக்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது சூளை அறை. சூடான காற்றில் ஓர் அங்குலப் பலகை சில வாரத்தில் 12 சதவீத ஈரத்துக்கு இறங்கிவிடும். எரிபொருளுக்குக் கொடுப்பதைச் சீக்கிரம் திரும்புகிற முதல் ஈடுகட்டும். நல்ல ஏற்பாடுதான், அவசரப்படாதவரை. சூட்டை ஒரேயடியாகக் கூட்டினால் மேல்பக்கம் இறுகி, உள்ளே வெடித்துவிடும்.

ஒருமுறை வாடிக்காரர் பேச்சை நம்பி, அரைகுறையாய்க் காய்ந்த மரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கதவு செய்து கொடுத்தேன். சித்திரை வெயிலில் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே விரல் போனது. அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை; கதவைத் திறந்து காட்டிவிட்டு நின்றார். என் செலவில் வேறு கதவு போட்டேன்.

அன்றிலிருந்து லோடு வந்தால் நடுப்பலகையில் ஒரு துண்டு அறுத்து எடை போடுகிறேன். பிறகு எடை குறைவது நிற்கும்வரை அடுப்புச் சூட்டில் வைத்து, மறுபடியும் தராசு. 112 கிராம் 100-ல் வந்து நின்றால் லோடை இறக்கச் சொல்வேன்.