எழுதாமல் போன சம்பாத்தியம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசிக் காய்கறி வாங்கலாம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் உருவான சந்தை. நம்ம ஊர்க்காரர்கள் பலர் தலைமுறையாக அங்கே பிழைக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர் முதல் தள்ளுவண்டிக்காரர் வரை கையில் காசு புரளும். காகிதத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது.

வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களிடம் எனக்கு இது பழகிப்போன பேச்சு. "மாசம் முப்பதாயிரம் வரும் சார்." "கணக்கு ஏதாவது காட்டியிருக்கீங்களா?" சிரிப்புதான் பதில். கடன் கிடைக்காவிட்டால் போகட்டும், வேறு வழி பார்த்துக்கொள்வார். ஆனால் நாளைக்கே அவர் லாரியில் அடிபட்டால், அந்தச் சிரிப்பின் விலையை அவர் குடும்பம்தான் கொடுக்கும். இதற்குப் பின்னால் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது.

அடுத்தவர் தவறால் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகள் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று சொன்னது 1855-ம் வருடத்துச் சட்டம். பிறகு 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1956 திருத்தம் விபத்து வழக்குகளுக்கென்றே தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. 1988-ல் புதுச் சட்டம். சட்டங்கள் மாறினாலும் கேட்கிற கேள்வி மாறவில்லை. மாதம் எவ்வளவு சம்பாதித்தார்? ஆதாரம் எங்கே?

மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. மற்றவர்களுக்கு? 1994-ல் சட்டத்தோடு ஓர் அட்டவணையைச் சேர்த்தார்கள். வருமானமே இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது அது. விலைவாசி எங்கோ போய்விட்டது. அந்த 15,000 மட்டும் 2018-ல் அட்டவணையையே மாற்றும் வரை அசையவில்லை.

கூலிக்காரர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்டியது உச்ச நீதிமன்றம். 2004-ல் பெங்களூரில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளி, மாதம் 4,500 சம்பாதித்ததாகச் சொன்னார். தீர்ப்பாயம் 3,000-ஐத்தான் ஏற்றது. ஒரு கூலியிடம் எழுத்து ஆதாரத்தை எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, 2011-ல் உச்ச நீதிமன்றம் 4,500-ஐ அப்படியே ஏற்றது. 2014-ல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கு. அவர் கேட்டது 10,000, கிடைத்தது 6,500. 2021-ல் கனரக வாகன ஓட்டுநர் ஒருவரின் வழக்கு. குடும்பம் சொன்னது 15,000, நீதிமன்றம் எடுத்தது 8,000. காகிதம் இல்லாவிட்டாலும் கதவு திறக்கிறது. ஆனால் பாதிதான் திறக்கிறது, கவனித்தீர்களா?

கேரளத்துக்கே வருவோம். அந்த 2011 தீர்ப்பை வைத்துக்கொண்டு, 2004-க்கு 4,500, அதன்பின் வருடத்துக்கு 500 கூட்டி மாத வருமானத்தை எடுப்பது கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் 2014-ல் 9,500, 2022-ல் 13,500. ரிசர்வ் வங்கிப் புள்ளிவிவரப்படி 2022-23-ல் கேரளக் கிராமப்புற விவசாயத் தொழிலாளியின் தினக்கூலி சராசரியாக 764 ரூபாய். அகில இந்திய சராசரி 345 ரூபாய்தான். இந்தக் கூலிக்காகத்தானே நம்ம ஆட்கள் எல்லை தாண்டி வருகிறார்கள்! மாதம் 25 நாள் வேலை என்றால் 19,100. கையில் வாங்கியது 19,100, தீர்ப்பில் வருவது 13,500.

இது யாருமே எழுதி வைக்காத வருமானத்தின் கதை. குறைத்து எழுதிய வருமானத்தின் கதை இன்னும் மோசம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வருமான வரிக் கணக்கு இருக்குமானால் அதை வைத்தே வருமானத்தைத் தீர்மானிக்க வேண்டும். கணக்கே இல்லாத கூலிக்காவது நீதிமன்றம் ஓர் ஊகத் தொகை கொடுக்கும். கணக்கில் குறைத்துக் காட்டிய கடைக்காரரை அவர் கையெழுத்தே மடக்கிவிடும். விபத்துக்குப் பிறகு அவசரமாகப் போடும் கணக்கைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன், கணக்கில்லாமல் விடமாட்டேன். 38 வயதுக் கடைக்காரர். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா. மாதம் 10,000 ரூபாயை மறைத்திருக்கிறார். 2017 தீர்ப்புப்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 14,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு போக 10,500. பன்னிரண்டு மாதத்துக்கு 1,26,000. 2009 தீர்ப்பின்படி அந்த வயதுக்கு 15-ஆல் பெருக்கினால் 18,90,000. ஆக, மாதம் பத்தாயிரத்தை மறைத்ததில் குடும்பம் இழப்பது கிட்டத்தட்ட 19 லட்சம்! மிச்சம் பிடித்த வரி எவ்வளவு? 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில், இந்தியாவில் வசிப்பவருக்குக் கடை வருமானம் 12 லட்சம் வரை வருமான வரியே கிடையாது.

எழுத்து ஆதாரம் கேட்காத பணமும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்தத் திருவனந்தபுரம் கரையையும் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. கடலில் போன மீனவர்களின் குடும்பங்களுக்கு இரண்டு மாநில அரசுகளும் தலா 20 லட்சம் அறிவித்தன. எவ்வளவு மீன் பிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. அது நல்லதுதான். ஆனால் அது நிவாரணம், அரசு மனது வைத்துக் கொடுப்பது. நஷ்ட ஈடு நம்முடைய உரிமை, அதனால்தான் அங்கே நிரூபிக்கச் சொல்கிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களும் "இது இந்தியத் தொல்லை" என்று நினைக்க வேண்டாம். 2010-ல் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறு வெடித்தது. நஷ்ட ஈட்டுக்கு 2,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ரொக்கத்துக்கு இறால் விற்றுக் கணக்கு காட்டாத மீனவர்கள் அங்கேயும் திண்டாடினார்கள். இழந்த வருமானத்துக்கு வரிக்கணக்கோ வேறு எழுத்து ஆதாரமோ கேட்டார்கள்.

இப்போது தள்ளுவண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. வரலாற்றில் முதல்முறையாகக் காய்கறிக்காரரின் சம்பாத்தியம் தானாகவே பதிவாகிறது. ஆனால் 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல சின்னக் கடைகள் ரொக்கம் மட்டும்தான் என்று பலகை மாட்டின. பயம் நியாயமானதுதான். வரவு வேறு, லாபம் வேறு என்பதை அந்தச் சின்ன வியாபாரிக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்ல யாராவது வேண்டாமா?

ஊருக்கு ஃபோன் பண்ணும்போது அண்ணனிடமோ மச்சானிடமோ கேட்டுப் பாருங்கள். கடை வரவில் பாதியாவது வங்கிக்குப் போகிறதா? வருடா வருடம் உள்ளதைச் சொல்லிக் கணக்குப் போடுகிறாரா? வரி அதிகாரிக்காகச் சொல்லவில்லை. ஒருநாள் தீர்ப்பாயத்தின் பெஞ்சில் அண்ணி உட்கார நேர்ந்தால், "எங்க வீட்டுக்காரர் நல்லா சம்பாதிச்சாரு" என்று சொல்வதை நிரூபிக்க அவர் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.