நூலைக் கரியாக்கினால் மின்சாரம் தங்குமா?

"கழிவு நாரிலிருந்து பேட்டரி" மாதிரியான செய்தி வருஷத்துக்கு நாலு தடவையாவது கண்ணுல படும். ஏதோ நேத்து ராத்திரி கண்டுபிடிச்ச மாதிரியே எழுதுவாங்க. ஆனா நாரைக் கரியாக்கி அதுகிட்ட மின்சார வேலை வாங்கறது 140 வருஷத்துக்கும் மேற்பட்ட சமாச்சாரம்.

1879 அக்டோபர்ல, அமெரிக்காவின் மென்லோ பார்க்ல, எடிசன் குழுவினர் சாதாரண பருத்தி நூலைக் காத்துப் படாமச் சுட்டுக் கரியாக்கி, பல்புக்குள்ள இழையா வச்சாங்க. அரை நாளுக்கு மேல எரிஞ்சது. இங்கிலாந்துல ஜோசப் ஸ்வானும் இதே வழியிலதான் போய்க்கிட்டிருந்தார். அடுத்த வருஷம் எடிசன் மூங்கிலுக்கு மாறினார். ஜப்பான்ல கியோட்டோ பக்கம் யவாத்தாங்கற ஊர் மூங்கில்தான் ரொம்ப ஒத்துவந்தது. 1,200 மணி நேரத்துக்கு மேல எரிஞ்சதாம். அந்த ஊர்க் கோயில்ல எடிசனுக்கு நினைவுச் சின்னமே இருக்கு!

அப்புறம் டங்ஸ்டன் வந்து கரி இழையை ஓரங்கட்டிருச்சு. கரியோட கதை அதோட முடியலை. எடிசன் கம்பெனி 1892-ல இன்னொண்ணோட சேர்ந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆச்சு. அந்தக் கம்பெனியில வேலை பார்த்த ஹோவர்ட் பெக்கருக்கு 1957-ல ஒரு காப்புரிமை கிடைச்சது. நுண்துளைக் கரியை மின்முனையா வச்சா மின்தேக்கியில எக்கச்சக்கமா மின்சாரம் தங்குதுன்னு சொன்னார். ஏன் தங்குதுன்னு சரியாத் தெரியலைன்னும் அதுலயே எழுதி வச்சார். இப்பல்லாம் யாராவது இப்படி எழுதுவாங்களா? :-)

காரணம் இதுதான். நல்லாப் பதப்படுத்தின கரி ஒரு கிராம் எடுத்தா, உள்ள இருக்கற துளைகளோட பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டும். மின்னேற்றம் அந்தச் சுவர்கள்ல போய் ஒட்டிக்கும். வேதிவினை நடக்காததால நொடிகள்ல ஏறும், நொடிகள்ல இறங்கும், லட்சக்கணக்கான தடவை தாங்கும். இதுதான் சூப்பர் கெபாசிட்டர். இன்னிக்குச் சந்தையில இருக்கறதுல நிறைய, தேங்காய்ச் சிரட்டைக் கரியில செஞ்சதுதான்.

இப்ப நாருக்கு வருவோம். 2013-ல கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல டேவிட் மிட்லின் குழு ஹெம்ப் பட்டை நாரை எடுத்தாங்க. ஹெம்ப்னா நம்ம சணலோ சணப்போ இல்லீங்க. கஞ்சாச் செடியோட இனமேதான், போதைப்பொருள் மிகக் குறைவான ரகம். நாரை 180 டிகிரியில தண்ணியோட 24 மணி நேரம் அழுத்தத்துல வேகவச்சு, அப்புறம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 700-800 டிகிரியில சுட்டாங்க. நாரோட அடுக்குகள் பிரிஞ்சு, மெல்லிசு மெல்லிசான கரித் தகடுகளாச்சு. கருவியில கிலோவுக்கு 12 வாட்-மணி வரைக்கும் தங்கிச்சு. அப்போ கடையில கிடைச்ச சூப்பர் கெபாசிட்டர்களைவிட இது அதிகம்.

உடனே பத்திரிகைகள்ல "கிராபீனுக்கு ஆப்பு"ன்னு ஒரே அமர்க்களம். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு செல்பேசி பேட்டரியில சுமார் 15 வாட்-மணி இருக்கும். அதை இதுல அடக்கணும்னா ஒரு கிலோவுக்கு மேல சுமக்கணும்! இது பேட்டரிக்கு மாற்று இல்லை. பஸ் பிரேக் போடும்போது வர்ற சக்தியைச் சட்டுனு பிடிச்சு, கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கற மாதிரி வேலைக்குத்தான் லாயக்கு. அதோட நார் ஓசியில கிடைச்சாலும், சூளைக்கும் காரத்துக்கும் காசு ஆகும். விலையைத் தீர்மானிக்கறது அதுதான்.

என்னை உறுத்தற விஷயம் வேற. இந்த ஆராய்ச்சி ஏன் கனடாவுல நடந்தது? அங்க 1998-லயே ஹெம்ப் பயிரிட அனுமதி கொடுத்துட்டாங்க. அமெரிக்காவுல 1937-ல வரிச் சட்டம் போட்டு நசுக்கினாங்க. 1942-ல போருக்குக் கயிறு வேணும்னதும் "வெற்றிக்கு ஹெம்ப்"னு அரசாங்கமே படம் எடுத்து விவசாயியைக் கூப்பிட்டது. 1970 சட்டத்துல மறுபடி கஞ்சாவோட சேர்த்துத் தடை. 2018-லதான் முழுசா விட்டாங்க. செடி மாறவே இல்லை, சட்டம்தான் மாறி மாறி வந்தது. நடுவுல விவசாயியும் ஆராய்ச்சியும் இழந்த வருஷங்களுக்கு யார் கணக்கு வச்சிருக்கா?

அடுத்த தடவை "கழிவிலிருந்து அதிசயம்"னு செய்தி வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க. கிலோவுக்கு எத்தனை வாட்-மணி? அந்த நார் ஏன் கழிவாச்சு? உங்க கருத்தையும் சொல்லிட்டுப் போங்க.