அனர்த்த நிவாரணம்: கல்முனை முதல் கோமாரி வரை

அனர்த்த நிவாரணம் (அம்பாறைக் கரையோரம்): வெள்ளம், சூறாவளி, சுனாமி ஆகியவற்றால் திரும்பத் திரும்ப அடிபடும் மக்களுக்கு இலங்கை அரசு கொடுத்துவந்த உணவு, பணம், வீடு, காணி, காப்புறுதி ஆகியவற்றின் வரலாறு. பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று இறங்கிக் கோமாரி, பொத்துவில் வரை செல்லும் கரையே இக்கட்டுரையின் எல்லை.

இங்கே கிழக்கே கடல். மேற்கே வயலும் களப்பும். கல்முனைப் பக்கத்தில் இரண்டுக்கும் நடுவே எஞ்சும் மணல்மேட்டில் மதிலோடு மதில் ஒட்டி வீடுகள். தெற்கே பொத்துவில் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும் கோமாரி என்ற தமிழ்க் கிராமத்தில் சனநெருக்கம் இல்லை, ஆனால் கடலும் களப்பும் அங்கேயும் இருபுறமும் உண்டு. மாரியில் களப்பு நிரம்பினால், கடலுக்கும் களப்புக்கும் இடையிலுள்ள மணல்திட்டை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் இறங்கும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்பிடிப்போருக்கும் ஒத்துவராது. கிழக்குக் கரையின் களப்புகள் எல்லாவற்றிலும் பழகிப்போன வழக்கு இது. முடிவு அதிகாரிகளிடம் போகும். அரச உதவி என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் முதற்பொருள் பணமல்ல, நேரத்தோடு மணலை வெட்டிவிடும் உத்தரவுதான்.

விதானையும் கச்சேரியும்

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நிவாரணம் மட்டக்களப்புக் கச்சேரி என்ற மாவட்ட நிர்வாக அலுவலகத்திலிருந்து வந்தது. ஊரில் அதன் முகம் விதானை என்ற ஊர்த்தலைவர். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. 1963இல் விதானைப் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தார். பெயர் மாறினாலும் ஊரில் பழையவர்கள் இன்றும் அவரை விதானை என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு: பாதிக்கப்பட்டவர் யார், யார் அல்ல என்று முதலில் எழுதும் பேனா அன்றும் இன்றும் அவர் கையில்தான்.

இந்த ஏற்பாட்டை முதலில் முறித்துப் பார்த்தது 1978 நவம்பர் 23 சூறாவளி. மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளை அடித்து உள்நாடு நோக்கிச் சென்ற அந்தப் புயலில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பத்து இலட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமாயின. தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் படுத்தன. ஆண்டுக்கணக்கு மறந்த மூத்தோர் வயதைச் 'சூறாவளிக்கு முன், பின்' என்று சொல்வது அதனால்தான். நிவாரணம் அப்போது சமூக சேவைத் திணைக்களத்தின் பல வேலைகளில் ஒன்று. இதற்கெனத் தனி மத்திய நிலையம் அமைந்தது 1996இல். அனர்த்தத்துக்கென்று ஒரு சட்டம் வர அதற்குப் பின்னும் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சட்டத்தை வரவழைத்தது கடல்.

2004 டிசம்பர் 26

ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியபோது இலங்கை நேரம் காலை 6.59. கிழக்குக் கரைக்கு அலை வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்த நேரத்தில் ஒரு வார்த்தையும் யாரிடமிருந்தும் வரவில்லை. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; இறந்தோர் 10,000க்கும் மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு ஊர்களில் கடற்கரையை ஒட்டிய தெருக்கள் தெருவாகவே இல்லாமற் போயின. கோமாரியும் தப்பவில்லை.

முதற்கட்ட உதவி விரைவாகவே வந்தது. இறந்தவர் ஒருவருக்கு ஈமச்செலவாக 15,000 ரூபா. ஆளுக்கு வாரம் 375 ரூபா பெறுமதியில் பணமும் உலர் உணவும். குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா. சமையல் பாத்திரத்துக்கு 2,500 ரூபா. முற்றாக உடைந்த வீட்டுக்குத் தவணைகளாக இரண்டரை இலட்சம், பகுதியாக உடைந்ததற்கு ஒரு இலட்சம். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் மே மாதம் நிறைவேறி, அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. அதே ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், உடல் கிடைக்காமற் போனவர்களுக்கும் மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. சான்றிதழ் இல்லாமல் வங்கிப் புத்தகத்தையும் காணி உறுதியையும் மாற்ற முடியாமல் தவித்த குடும்பங்களுக்கு, நிவாரணப் பணத்தைவிட இந்தச் சட்டம் பெரிய உதவி என்றே சொல்லவேண்டும்.

சிக்கல் காணியில் வந்தது. கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் மீண்டும் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. சனம் அதைப் 'பஃபர் சோன்' என்றது. தெற்கே 100 போதுமென்றால் இங்கே ஏன் 200 என்ற கேள்விக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கல்முனைக் கரையில் 200 மீற்றர் என்பது ஊரின் பெரும் துண்டு. மேற்கே நகர்ந்தால் வயல். வயலை மூட கமநலச் சட்டம் விடாது. அதற்கும் அப்பால் உள்ள அரச காணி, யாருக்கு எவ்வளவு என்ற இனக்கணக்கில் சிக்கிய காணி. எல்லைக்கோடு பிறகு தளர்த்தப்பட்டுச் சில இடங்களில் 65 மீற்றராகக் குறுகியது. மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்துக்கு அந்த எண்ணே பெயராகிவிட்டது: 'அறுபத்தைந்து மீற்றர்'. கல்முனையில் கிறீன் பீல்ட் மாடிவீடுகளும் சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமமும் எழுந்தன. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் கட்டி முடிந்தன. ஆனால் அவை யாருக்கு என்ற வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், கதவு பூட்டியபடியே பத்தாண்டுகளுக்கு மேல் கிடந்தன. ஓடு விழுந்து, பற்றை மூடிய அந்த வீடுகளைப் போல இந்த வரலாற்றைச் சொல்லும் சான்று வேறில்லை.

அரசியல் பங்கீடும் அதேபோலத்தான் முடிந்தது. 2005 ஜூன் 24இல் அரசும் விடுதலைப் புலிகளும் சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பில் கையெழுத்திட்டன. அதிகம் இழந்தவர்களில் ஒரு சாராரான முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாகக் கையொப்பமிட அழைக்கப்படவில்லை. மூன்று வாரத்தில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பிரிவுகளை இடைநிறுத்தியது. கட்டமைப்பு செயற்படவே இல்லை.

வீடு யாருடையது?

வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் மட்டுமல்ல, கொழும்பும் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. இந்தக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் வீடு பெண்ணுக்குச் சொந்தம். மகளுக்குக் கலியாணம் பேசுமுன் வீடு எழும்ப வேண்டும். அது சீதனமாக அவள் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். மூன்று மகள்மார் உள்ள வளவு மூன்றாகப் பிரியும். கரையோரத்தில் வீடுகள் இவ்வளவு நெருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிவாரணப் படிவமோ 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கோடு விட்டிருந்தது. அந்தக் கோட்டில் ஆண் கையெழுத்திட்டார். உடைந்தது மனைவியின் வீடு; புதுவீடு பலருக்குக் கணவன் பெயரில் வந்தது. சுனாமியில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளுமே கூடுதலாக இறந்தார்கள். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தபோது, தாயின் வீடாக இருந்திருந்தால் மகளுக்குப் போயிருக்கும் கூரை, தகப்பனின் வீடாகிவிட்டதால் போகுமா என்று சொல்ல முடியாத கூரையாயிற்று. அரச காணி அனுமதிப்பத்திரங்களை ஆளும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளையை முன்னால் வைத்திருந்தது. அந்த வரிசை சட்டத்தில் திருத்தப்பட்டது 2022இல்தான்.

சுனாமிக்குப் பின்

கரையெங்கும் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. டிசம்பர் 26 தேசிய பாதுகாப்புத் தினமானது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நிலநடுக்கம் வந்தபோது கரையோர மக்களை வெளியேறச் சொன்னார்கள்; அலை வரவில்லை, ஆனால் சனம் மேற்கே ஓடத் தெரிந்திருந்தது. 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் மூலம் அனர்த்தக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. வீட்டுச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை என்பது, சுனாமிக் காலத்து இரண்டரை இலட்சத்தோடு பார்க்கப் பெரிய தாவல். நெற்செய்கைக்கு இழப்பீடு கிடைக்கும் பயிர்க்காப்புறுதியும் உண்டு.

நிவாரணப் பட்டியலில் இடம்பெறாத அழிவும் உண்டு. டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தை மறித்தன. துறைமுக வாயை மணல் அடைத்தது. வடக்கே கரையைக் கடல் தின்றது. ஒலுவில், நிந்தவூர்த் தென்னைகள் வேரோடு கடலில் சாய்ந்தன. ஒரே நாளில் வரும் அலைக்குப் படிவம் இருக்கிறது. வருடத்துக்கு இத்தனை அடி என்று காணி போவதற்கு எந்தப் படிவத்தை நிரப்புவது?

வெள்ளத்தில் 2011 ஜனவரியும் 2024 நவம்பரும் மறக்கக்கூடாதவை. 2024 நவம்பர் 26இல் காரைதீவு–அம்பாறை வீதியில், மாவடிப்பள்ளியருகே வயல்வெளியைக் கடக்கும் இடத்தில், மதரசா மாணவர்கள் வீடு திரும்பிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. மாணவர் 6 பேர் உட்பட 8 பேர் இறந்தனர். மாரியில் தண்ணீர் மேவும் வீதி அது என்பது ஊருக்குப் புதிய செய்தியல்ல. நட்டஈட்டுக்குப் பணம் ஒதுக்கும் கையும் வீதியை உயர்த்தப் பணம் ஒதுக்கும் கையும் வேறு வேறாக இருக்கும்வரை, முதற்கைக்கு வேலை ஓயாது. ஓராண்டு கழித்து, 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அப்போது அறிவித்த தொகைகள் அதுவரை இல்லாதவை: வீடு துப்புரவுக்கு 25,000, முற்றாக இழந்த வீட்டுக்கு 50 இலட்சம்.

தொகை எவ்வளவு ஏறினாலும் கோமாரியிலும் சாய்ந்தமருதிலும் நிவாரணக் கோவை நகரும் வழி அதேதான். கிராம சேவகர் வந்து சுவரில் வெள்ளம் நின்ற கோட்டைப் பார்ப்பார், பிரதேச செயலகத்தில் படிவம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு, பிறகு வங்கி. அந்த மாதங்களில் செயலக விறாந்தையில் பெண்கள் பொலித்தீன் உறையோடு காத்திருப்பார்கள். உறைக்குள் உறுதி, அடையாள அட்டைப் பிரதி, பங்கீட்டு அட்டை, வங்கிப் புத்தகம். 2004இல் அலையோடு போனவற்றில் திரும்பப் பெற அதிக காலம் எடுத்தவை இந்தத் தாள்கள்தான் என்பதால், மாரி தொடங்கினால் அந்த உறை அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடும்.

இக்கரையில் இருப்பவர் இரண்டு விடயத்தைக் குறித்துக்கொள்ளலாம். வெள்ளம் வடிந்ததும் சேறு அள்ளுமுன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுத்து வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.