மைலோ டின்னில் ஒரு கோடை

புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டு காரிடாரில் போன வருஷம் ஒரு காந்தள் செத்துப்போனது. பூச்சி இல்லை, நோய் இல்லை. என் கரிசனம்தான் கொன்றது. பூத்து ஓய்ந்த கொடி மஞ்சளானதைப் பார்த்து பயந்து, தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். தொட்டியைக் கவிழ்த்தபோது கிழங்கு கூழாகியிருந்தது. மூன்றாவது வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். மூலனூர்ப் பக்கம் பிறந்தவர். "தூங்குற நேரத்துல தண்ணி ஊத்துனா அது என்ன தம்பி பண்ணும்?"

அவர் ஊர்ப்பக்கம் காந்தள் என்பது கம்பிப் பந்தலில் ஏற்றும் பயிர். கோல்ச்சிசின் என்ற மருந்துச் சரக்குக்காக விதை எடுக்கிறார்கள். ஆடி வாக்கில் நட்டால் மழையோடு முளைத்து, பூத்து, தை மாசியில் காய் முற்றிக் கொடி காய்ந்துவிடும். பிறகு அடுத்த மழைவரை கிழங்கு மண்ணுக்குள் சும்மா கிடக்கும். சங்கப் புலவர்கள் இந்தப் பூவைப் பெண்ணின் விரல் என்று சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவதும் இதுதான். ஆனால் மண்ணுக்குக் கீழே பார்த்தவன் உழவன். வளைந்து கிடந்ததைக் கண்டு 'கலப்பைக் கிழங்கு' என்றான். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

அந்தக் கிழங்கு 17ஆம் நூற்றாண்டில் கப்பலேறியது. கொழும்பில் டச்சுக் கம்பெனி வைத்தியராக இருந்த பவுல் ஹெர்மன், லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு 1687இல் வெளியிட்ட பட்டியலில் இதை 'மெத்தோனிகா' என்று சேர்த்தார். அடுத்த வருஷம் வந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' ஏழாம் தொகுதியில் இது மலையாளப் பெயரோடு 'மேந்தோன்னி'. நம் பழைய 'தோன்றி' அதில் கேட்கிறது, இல்லையா? 1753இல் லின்னேயஸ் 'க்ளோரியோசா சூப்பர்பா' என்று எழுதினார். தோன்றி மறைந்தது.

பெயர் மாற்றுவது சுலபம். குளிர்காலம்தான் சிக்கல். உறைபனி பட்டால் கிழங்கு அழுகிவிடும். லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் பிலிப் மில்லர், தன் தோட்டக்கலை அகராதியில் வழி சொல்கிறார்: கொடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, சூடேற்றிய கண்ணாடி வீட்டுக்குள் மணலில் வை. தொட்டியிலேயே விட்டால் தண்ணீரைக் குறை, ஈரம் அழுக்கிவிடும். வசந்தத்தில் தொட்டியை மரப்பட்டைப் படுக்கையில் புதை. தோல் பதனிட்டுக் கழித்த பட்டை அது. நொதித்து நொதித்து வாரக்கணக்கில் சூடு தரும். இன்றைக்கும் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இலையுதிர்காலத்தில் கிழங்கைக் காயவைத்து எடுத்துவைக்கிறார்கள். பட்டைக்குப் பதில் ஹீட்டர், அவ்வளவுதான்.

குளிரிலிருந்து காப்பாற்றுவதாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த மணலுக்குள் கிழங்குக்குக் கிடைத்தது வெதுவெதுப்பு, வறட்சி, ஓய்வு. அதாவது மூலனூரின் பங்குனி, சித்திரை. லண்டன் டிசம்பருக்குள் ஒரு பெட்டி அளவு கொங்குக் கோடை!

சிங்கப்பூரிலோ குளிர்காலமும் இல்லை, அந்தக் கோடையும் இல்லை. வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, காய்ந்து கிடக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. மரீனா பே பூந்தோட்டத்தில் துலிப் காட்டுவதற்காக ஒரு கண்ணாடி மாளிகையையே 23, 25 டிகிரியில் குளிர்விக்கிறார்கள். துலிப்புக்கு வெளிநாட்டுக் குளிர் வேண்டும், காசு செலவழித்தால் வந்துவிடும். காந்தளுக்கு வேண்டியது வெறும் வறட்சி. அதை யார் கட்டித் தருவார்?

இந்த வருஷம் நண்பர் ஒருவர் தன் தொட்டியிலிருந்து இன்னொரு கிழங்கு பிரித்துக் கொடுத்தார். கொடி மஞ்சளானதும் கையைக் கட்டிக்கொண்டேன். முழுக்கக் காய்ந்த பிறகு தோண்டி, முனை ஒடியாமல் (அங்கேதான் முளை வரும்) காய்ந்த மணலோடு பழைய மைலோ டின்னில் வைத்து ஸ்டோர் ரூமில் ஏற்றிவிட்டேன். மூடியில் சிவப்பு மார்க்கரில் 'விஷம்' என்று எழுதியிருக்கிறேன். செடி முழுக்கவே விஷம், எங்கள் வீட்டிலோ மைலோ டின்னைப் பார்த்தால் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

பத்து வாரம் ஆகிறது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஆன்ட்டி கேட்கிறார்: "எந்திரிச்சிருச்சா?"

இன்னும் இல்லை ஆன்ட்டி.