வெள்ளைக் கண்மணியும் நரம்பின் நீளமும்

குழந்தைகளின் பார்வை நரம்பிலேயே பிறக்கும் கட்டி ஒன்று உண்டு. க்ளையோமா என்பார்கள். பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். விழித்திரையில் பிறந்து அதே நரம்பு வழியாக மூளைக்குப் போகிற கட்டி இன்னொன்று, ரெடினோப்ளாஸ்டோமா. நான் எழுத வந்தது இதைப் பற்றி. (பி.காம் படிக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். படிக்க ஆரம்பித்தேன், விட முடியவில்லை.)

கண்மணி கறுப்பாக இல்லாமல் வெள்ளையாக மின்னும். ஐரோப்பாவில் பழைய டாக்டர்கள் இதைப் பூனைக்கண் என்றார்கள்.

1809-ல் எடின்பரோவின் ஜேம்ஸ் வார்ட்ராப், நோய் கண்ட கண்களை அறுத்துப் பார்த்து, கட்டி எங்கே தொடங்கி எந்த வழியாகப் போகிறது என்று எழுதினார். அது நரம்பைத் தொடும் முன்பே கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைக்கும் என்றார். சொல்வது சுலபம். ஈதர் மயக்க மருந்து வந்ததே 1846-ல்தான். விழித்திருக்கும் குழந்தையின் கண்ணை எடுக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? யோசனை எடுபட நாளாயிற்று.

இதற்கிடையில் 1819-ல் நம்ம மெட்ராஸிலும் ஒரு கண் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. ராயப்பேட்டையில் தொடங்கி எழும்பூருக்குப் போன அதேதான். லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு (1805) 14 வயதுதான் இளையது!

1860-களில் பெர்லினின் ஃபான் கிரேஃப இன்னொரு படி போனார். கண்ணை மட்டும் எடுத்தால் போதாது, பார்வை நரம்பையும் முடிந்த மட்டும் நீளமாகச் சேர்த்து வெட்ட வேண்டும் என்றார். எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய விஷயம் இதுதான். இன்றைக்கும் எடுத்த கண் லேபுக்குப் போனால், நரம்பின் வெட்டுமுனையில் புற்றணு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கிறார்கள். இருந்தால் கீமோ, கதிர்வீச்சு என்று சிகிச்சை நீளும். சில மில்லிமீட்டரில் ஓர் உயிர்.

ஏன் வருகிறது? ஒரு செல்லில் இரண்டு முறை மரபணு பழுதாக வேண்டும் என்று 1971-ல் அமெரிக்காவின் நட்ஸன் கணக்குப் போட்டே சொன்னார். 1986-ல் ஆர்பி1 என்ற அந்த மரபணு கையில் சிக்கியது. சென்னையில் சங்கர நேத்ராலயாவிலும் (1978-ல் தொடங்கியது) இந்த மரபணு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதால் அண்ணன், தங்கை கண்களையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

சீக்கிரம் வந்தால் இப்போது கீமோ, லேசர் என்று கண்ணையே காப்பாற்ற வழி உண்டு. ஆனால் கட்டி வெளியே பிதுங்கிய பிறகு வரும் பிள்ளைகள் இந்தியாவில் இன்னும் இருக்கிறார்கள். பெண் குழந்தையாச்சே, கண்ணை எடுத்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் காட்டிவிடுங்கள். அது வெறும் கண்புரையாகவும் இருக்கலாம். தாம்பரத்தில் பீச் ரயில் ஏறினால் நுங்கம்பாக்கம், எழும்பூர் இரண்டும் அதே பாதையில்தான்.