காணொளி அழைப்புமணி: மின், இணைப்புக் கோளாறுகள்

வாசலில் நிற்பவரைக் கைப்பேசியில் காட்டும் அழைப்புமணி. இவ்வகைக் கருவியைப் பரவலாக்கியது, அமெரிக்காவில் 2013-இல் ‘டோர்பாட்’ என்ற பெயரில் தொடங்கி, ‘ரிங்’ என மாறி, 2018-இல் அமேசான் வசமான நிறுவனம்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வீடுகளில் சாதாரண காலிங்பெல் 230 வோல்ட்டில் நேரடியாக ஓடுவதே வழக்கம். கம்பிவழிக் காணொளி மணிகளில் பலவற்றுக்கு 16 முதல் 24 வோல்ட் மாறுமின்னோட்டமே தேவை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியைப் பழைய சுவிட்சுக் கம்பியில் அப்படியே கோர்த்தால் கருகிவிடும், உயிருக்கும் ஆபத்து. இடையில் தகுந்த டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிந்தால், கேமராவைக் குறைசொல்லக் கூடாது. இரவில் அகச்சிவப்பு விளக்குகளும் சேர்ந்து மின்சாரம் இழுக்கும்; டிரான்ஸ்பார்மரின் திறன் போதாமலோ, கம்பி மெல்லியதாக நீண்டு வோல்ட் குறைந்தோ இருக்கலாம். மணி இயங்கும்போதே மல்டிமீட்டரால் அளந்தால் தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணி ஆறு மின்சாரம் தந்தாலும் மின்தடைக்குத் திருநெல்வேலி விதிவிலக்கல்ல. மணியை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்து ரவுட்டரை விட்டுவிடுவது பரவலான தவறு; ரவுட்டர் அணைந்தால் வைஃபை இணைப்பும் போய்விடும். மின்சாரம் இருந்தும் இணைப்பு அறுந்தால், தடையைப் பாருங்கள்: தடித்த சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை மறிக்கும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 5 கிகாஹெர்ட்ஸைவிட எளிதில் ஊடுருவும்.

குறைந்த வோல்ட் பக்கத்தில் மல்டிமீட்டரால் அளப்பதைத் தவிர, எதைத் தொடுமுன்னும் மெயின் சுவிட்சை அணையுங்கள். 230 வோல்ட் பக்க வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.