வாராத கோடோ

நாடகமென்றால் அதில் கதையிருக்க வேண்டும்; கலியாணமோ கொலையோ ஒன்றாவது நடந்தேற வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தை அடியோடு புரட்டிய நாடகமொன்றைப்பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றேன். அயர்லாந்து தேசத்தவராகிய சாமுவேல் பெக்கெட், 1948ம் வருஷக் கடைசியில் பிரஞ்சு பாஷையில் எழுதத் தொடங்கி அடுத்த வருஷ ஆரம்பத்தில் முடித்த 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' என்பதே அது. பின்னர் அவரே அதனை ஆங்கிலப்படுத்தினார்.

கதை யாதெனில், கூறுவதற்கு அதிகமில்லை. ஒரு நாட்டுப்புறச் சாலை; ஒரு மொட்டை மரம்; அதனடியில் இரண்டு பரதேசிகள். கோடோ என்னும் ஒருவர் வருவாரென்று காத்திருக்கின்றனர். பொழுது போகவேண்டிப் பேசுகின்றனர், பூசலிடுகின்றனர், தொப்பிகளை மாற்றி மாற்றி அணிகின்றனர். அவ்வழியே ஓர் எஜமான், தன் வேலைக்காரனைக் கழுத்திற் கயிறு பூட்டி ஓட்டிவருகின்றான். அவ்வேலைக்காரனோ, நிற்கும்போதுங்கூடச் சுமையைக் கீழே வைப்பதில்லை! தோட்டத்து நேயர்கள் இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்குவார்களாக. மாலையில் ஒரு சிறுவன் வந்து, கோடோ இன்று வரவில்லை, நாளை தவறாது வருவார் என்று அறிவிக்கின்றான். இரண்டாம் அங்கத்தில் மரத்திற் சில இலைகள் துளிர்த்திருக்கின்றன. எஜமானுக்குக் கண் போய்விட்டது. கோடோ மட்டும் வந்தாரில்லை.

1953ம் வருஷம் ஜனவரி 5ந் தேதி பாரிஸில், ரோஜெ பிளேன் என்பவர் இதனை முதன்முதல் மேடையேற்றினார். 1955ல் லண்டனில் நடந்தபோது பத்திரிகைகள் பல எள்ளி நகையாடின. 1956ல் அமெரிக்காவின் மியாமி நகரில், வயிறு குலுங்கச் சிரிக்கலாமென்று விளம்பரம் செய்யப்பட்டது. வந்த சீமான்களிற் பெரும்பாலோர் இடைவேளையிலேயே எழுந்து சென்றனர்.

படித்தவர்க்கும் பணம் படைத்தவர்க்கும் விளங்காத நாடகம் யாருக்கு விளங்கிற்று? 1957ம் வருஷம் நவம்பர் 19ந் தேதி, கலிபோர்னியா மாகாணத்துச் சான் குவென்டின் சிறைச்சாலையில், சுமார் 1,400 கைதிகள் முன்னிலையில் இது நடிக்கப்பெற்றது. பெண் வேஷம் இல்லை என்பதே இதனைத் தெரிந்தெடுத்ததற்கு முக்கிய காரணமாம்! நடிகர்கள் அஞ்சியபடியே மேடையேறினர். கைதிகளோ கூச்சலிட்டாரில்லை, இமை கொட்டாது பார்த்தனர். கோடோ என்பது சமுதாயமே என்றான் ஒருவன். வெளியுலகம் என்றான் வேறொருவன். உரையாசிரியர் எவரும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

1961ல் மார்ட்டின் எஸ்லின் என்பார் இவ்வகை நாடகங்களைக் குறித்துத் தாம் எழுதிய நூலை இந்நிகழ்ச்சியைக் கொண்டே தொடங்கினார். 'அபத்த நாடகம்' என்ற பெயரை நிலைநாட்டியது அந்நூல்தான். எனக்கோ அப்பெயரில் மனம் ஒப்பவில்லை. வாராதவரை எதிர்நோக்கி வாழ்நாள் கழிவதில் அபத்தம் யாதுளது? அது அன்றாட நிகழ்ச்சியன்றோ! நிற்க. மேடையில் ஒன்றும் நிகழாதிருப்பதும் நாடகமாகும் என்பதைப் பெக்கெட் காட்டிய பின்னர், இங்கிலாந்தில் ஹெரால்ட் பின்டர், டாம் ஸ்டாப்பர்டு முதலியோர் அவ்வழியில் எழுதலாயினர். தென்னாப்பிரிக்காவில் அதோல் ஃபுகார்ட், நிறவெறி ஆட்சி நடந்த 1962லேயே, கறுப்பு நடிகர்களைக் கொண்டு கோடோவை ஜோஹன்னஸ்பர்க்கில் நடத்தினார். 1969ல் பெக்கெட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சான் குவென்டினில் அன்றிரவு, ஆயுட்கைதியாகிய ரிக் க்ளூச்சி என்பவருக்குக் கூடத்திற்கு வர அனுமதியில்லை. அறையில் அடைபட்டபடியே ஒலிபெருக்கி வழியாக நாடகத்தைக் கேட்டார். பின்னர் அவரும் சக கைதிகளும், முன்னாளில் தூக்குமரம் இருந்த அறையொன்றை நாடகசாலையாக்கி, 1961ல் கோடோவைத் தாமே நடித்தனர். 1966ல் விடுதலை பெற்ற க்ளூச்சி, 1977ல் பெர்லின் நகரில், பெக்கெட்டின் மற்றொரு நாடகத்தில் அவ்வாசிரியரே பயிற்றுவிக்க நடித்தார்.